தேனும் சத்தியமும்

நமது மக்களுக்குத் தேன் என்றால் ஒரு தனி மயக்கம் உண்டு. சர்க்கரையைச் சர்க்கரை என்றும், வெல்லத்தை வெல்லம் என்றும் கருதி வாங்குகிறவர்கள், தேன் என்று வந்துவிட்டால் மாத்திரம் அதை அமிர்தமென்றும் சஞ்சீவியென்றும் கருதிக்கொண்டு, விற்கிறவனைச் சத்தியம் செய்யச் சொல்லி வாங்குகிறார்கள். உப்பு விற்கிறவனை யாராவது சத்தியம் செய்யச் சொல்லுவதுண்டா? அரிசி விற்கிறவன் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆணையிட வேண்டுமென்று யாராவது கேட்பதுண்டா? எந்தப் பொருளைப் பற்றி நமக்கு அறிவு இருக்கிறதோ அந்தப் பொருளுக்குச் சத்தியம் தேவையில்லை. எதைப் பற்றி அறிவு இல்லையோ அதற்குத்தான் சத்தியமும், சாமியும், நம்பிக்கையும் தேவையாயிருக்கின்றன.

ஆகவே, தேன் வாங்குவதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுதலாமென்று கருதுகிறோம். இது சில்லறை விஷயமாயிற்றே என்று தோழர்கள் நினைக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் புத்தியை உபயோகிக்காதவன், கோயிலிலும் சட்டசபைத் தேர்தலிலும் மாத்திரம் அதை உபயோகித்துவிடுவான் என்று நாம் நம்பவில்லை.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் ரோட்டில் மார்த்தாண்டம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரையும் சுற்றுவட்டக் கிராமங்களையும் சேர்ந்த குடும்பங்கள் பல, ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்துப் பிழைக்கின்றன. ரோட்டோரத்தில் ஒரு மேஜையைப் போட்டு, நாலு வரிசை பாட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டு விற்கிறவர்களும் அங்கு உண்டு. அந்த மேஜைக்கு முன் வந்து நிற்கிற நமது கனவான்களைப் பாருங்கள். முதல் கேள்வி, “சுத்தமா?” என்பது. இரண்டாவது கேள்வி, “சாமி சத்தியமா?” என்பது. மூன்றாவதாக, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பது. அதற்கு அவன் இணங்கிவிட்டால், “இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறானே, கலப்படம்தான்” என்று முடிவு செய்து வாங்காமல் போய்விடுவது. இணங்காவிட்டால், “கொள்ளைக்காரன்” என்று வைதுவிட்டுப் போய்விடுவது. இதே கனவான் மறுநாள் பட்டணத்துக் கடைக்குப் போய், படம் போட்ட லேபிள் ஒட்டிய பாட்டிலை, அதன் மேல் அச்சடித்திருக்கிற விலைக்கு, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வருகிறார். கைப்பட உழைத்தவன் சத்தியம் செய்ய வேண்டும். அச்சடித்த காகிதம் மாத்திரம் சத்தியம் செய்ய வேண்டியதில்லை! அச்சில் வந்துவிட்டால் அது வேதவாக்கு என்ற புத்தி நமது மக்களைவிட்டு இன்னும் போகவில்லை.

அந்த வேதவாக்கின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற ஸ்தாபனத்தார் 2020-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கடைகளில் விற்கும் 13 கம்பெனித் தேன்களை வாங்கிச் சோதித்ததில், அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் நுட்பமான சோதனையில் 10 கம்பெனித் தேன்கள் தேறவில்லை என்பது அந்த அறிக்கை. கம்பெனிக்காரர்கள் இதை மறுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த அறிக்கையில் கண்ட இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. அந்த ஸ்தாபனத்தார், சோதனைக்கு அகப்படாமலிருப்பதற்கென்றே தயாரிக்கப்படும் ஒருவிதச் சர்க்கரைப் பாகை வாங்கி, நல்ல தேனில் கால் பங்கும் அரைப் பங்கும் தாங்களே கலந்து பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நமது நாட்டுச் சட்டப்படி செய்யப்பட வேண்டிய சோதனைகளில் அந்தக் கலப்படத் தேனும் தேறிவிட்டது!

அப்படியானால் ரோட்டோரத்தில் விற்பதெல்லாம் சுத்தம் என்று சொல்லுகிறோமா? ஒருக்காலும் இல்லை. வெல்லப் பாகைக் காய்ச்சி, அதில் ஒரு துண்டுத் தேனடையை மிதக்கவிட்டு, தகரவாளியில் தூக்கிக்கொண்டு, “இப்போதுதான் மலையிலிருந்து எடுத்து வந்தேன்” என்று விற்கிற பேர்வழிகளும் ஊர் ஊராய்த் திரியத்தான் செய்கிறார்கள். ஏழை என்பதற்காக ஒருவனை யோக்கியன் என்று நம்புவதும் மூட நம்பிக்கைதான். ஏழை என்பதற்காக ஒருவனை அயோக்கியன் என்று கருதுவதும் மூட நம்பிக்கைதான். நாம் சொல்லுவதெல்லாம், நம்புவதை விட்டுவிட்டு விசாரியுங்கள் என்பதே.

இனி, நம் வீடுகளில் வழங்கும் “சோதனை”களைக் கவனிப்போம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டுமாம். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் உட்காரும். திரியைத் தேனில் நனைத்துக் கொளுத்தினால் எரிய வேண்டுமாம். அது தேனில் தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான் ஒருவாறு காட்டுமேயொழிய, அது தேனீ சேர்த்ததா மனிதன் காய்ச்சியதா என்பதைக் காட்டாது. காகிதத்தில் விட்டால் ஊறக் கூடாது, கட்டைவிரல் நகத்தில் விட்டால் பரவக் கூடாது என்பவைகளும் இதே ஜாதிதான். எறும்பு மொய்க்காது என்கிறார்கள். தேன் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் எறும்பே வந்து பதில் சொல்லும். நாய் நக்காது என்கிறார்கள். மனிதன் தன் புத்தியை நாயிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிற காட்சியைத்தான் இதில் பார்க்கிறோம். பரிசோதனைச் சாலையின் இயந்திரங்களையே ஏமாற்றும் பாகு, உங்கள் வீட்டு டம்ளர் தண்ணீருக்கா பயப்படும்?

இந்தச் சோதனைகளால் கெடுதி என்னவென்றால், திருடன் தப்பித்துக்கொள்ளுகிறான், யோக்கியன் அகப்பட்டுக்கொள்ளுகிறான். தேன் உறைந்து மணல்மணலாய்ப் போனால், “சர்க்கரை அடியில் தங்கிவிட்டது” என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். தேனென்பதே பெரும்பாலும் இருவகைச் சர்க்கரையும், 100-க்குச் சுமார் 20 பங்கு தண்ணீருமாகும். அதில் குளுக்கோஸ் என்ற சர்க்கரை அதிகமாயிருந்தால் நல்ல தேனும் உறையத்தான் செய்யும். கடுகுப் பூ, சூரியகாந்திப் பூ இவைகளின் தேன் சீக்கிரத்தில் உறையும். பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். இதுபோலவே, நுரைத்தால் கலப்படம் என்பதும் தவறு. ஈரம் அதிகமுள்ள தேன் நாள்பட்டால் புளித்து நுரைக்கும். அது தேன் பக்குவமாகுமுன் எடுத்துவிட்டதன் குற்றமாயிருக்கலாமே தவிர, மோசடி என்றே சொல்லிவிட முடியாது.

நிற்க, தேன் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சத்தியத்துக்கு வேலையில்லை. 1851-ல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார், தேனீக்கள் தங்கள் அடைகளுக்கிடையில் நடமாடுவதற்குச் சுமார் கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட சந்தை விட்டு வைக்கின்றன என்றும், அந்த இடைவெளியை மாத்திரம் அவை மெழுகாலும் பிசினாலும் அடைப்பதில்லை என்றும் அறிந்து, சட்டங்களைத் தனித்தனியே தூக்கி எடுக்கக்கூடிய பெட்டியைச் செய்தார். அவர் பாதிரியாயிருந்தும் இதை வேதப் புஸ்தகத்தில் தேடவில்லை. தேன்கூட்டுக்குள் பார்த்துக் கண்டார். பின்னர் நம் நாட்டு அடுக்குத் தேனீக்குப் பொருத்தமான சிறு பெட்டியை, திருச்சியிலிருந்த நியூட்டன் என்ற பாதிரியார் அமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் கிராமப் புனருத்தாரண வேலையை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் அந்தத் தொழிலை அங்குள்ள குடியானவர்களிடையே பரப்பினார். கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்தச் சீமை அப்போது திருவாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1936-ம் வருஷத்து ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரையில் தாழ்த்தப்பட்டவர்கள் அங்குள்ள கோயில்களுக்குள் போக முடியாது. ஆனால் தேன் போகலாம்! சாமிக்குத் தேன் அபிஷேகம் செய்கிறவர்கள், மரமேறி ஈயிடம் கொட்டு வாங்கி அதை எடுத்து வந்தவன் எந்த ஜாதியான் என்று பாட்டிலை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடவில்லை. பொருளுக்குத் தீட்டில்லை, அதை உண்டாக்கின மனிதனுக்குத்தான் தீட்டு என்பதே இந்நாட்டு வைதிகத்தின் யோக்கியதை.

இனி, ரப்பர்த் தேனின் சங்கதியைக் கேளுங்கள். ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடுகிறது. மூன்று இலைகளும் காம்பில் சேருமிடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. தேனீக்கள் அதைத்தான் சேர்க்கின்றன. ஆகவே பூவிலிருந்து வராத தேனும் உண்டு. தேன் எடுக்கும் காலம் பங்குனி, சித்திரையோடு முடிந்துவிடும். அதன்பின் மழைக்காலத்தில் ஈக்களுக்குத் தீனி கிடையாது. அப்போது அவை சாகாமலிருக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துக் காப்பாற்ற வேண்டும். இதை யாராவது கண்டுவிட்டால், “பார்த்தாயா, சர்க்கரை வைக்கிறான்” என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். பஞ்சத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டவன் பாலில் வைக்கோலைக் கலந்தவனாகிவிடுவானா? தேன் வரும் காலத்தில் சர்க்கரை வைத்து, அதையே தேனென்று எடுத்து விற்பதுதான் மோசடி. இரண்டுக்குமுள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் காலம் தெரிய வேண்டும்.

இந்தத் தொழிலின் கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. 1991, 92-ம் வருஷங்களில் தென்னாட்டில் தேனீப் புழுக்களை அழிக்கும் ஒரு வைரஸ் நோய் பரவி, பெட்டிகளிலிருந்த ஈக்கூட்டங்களில் பெரும்பகுதி செத்துப் போயின. அநேக குடும்பங்கள் காலிப் பெட்டிகளோடு நின்றன. அதிலிருந்து மீண்டு, மிஞ்சிய கூட்டங்களைப் பெருக்கி, மறுபடியும் தொழிலை நிறுத்தியவர்கள்தான் இன்றைக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாகு கலந்து மலிவாய் விற்கிறவன் விலைக்கே உண்மையான தேனையும் கேட்டால், அவன் பெட்டியை விறகாக்க வேண்டும், அல்லது அவனும் பாகு காய்ச்சக் கற்றுக்கொள்ள வேண்டும். மோசடிக்காரனை உண்டாக்குவதில் பாதிப் பங்கு நமது பேரத்துக்கு உண்டு என்று தைரியமாய்ச் சொல்லுவோம்.

ஆகவே, ரோட்டோரத்தில் தேன் வாங்கும் தோழர்கள் சத்தியம் கேட்க வேண்டாம். கேள்வி கேளுங்கள். பெட்டி எங்கே வைத்திருக்கிறாய்? போய்ப் பார்க்கலாமா? எந்த மாதத்தில் எடுத்தது? எந்த மரத்துத் தேன்? சட்டத்தைச் சுழற்றி எடுத்ததா, அடையைப் பிழிந்ததா? சர்க்கரை எப்போது வைப்பாய்? பாட்டிலில் உன் பேரும் ஊரும் இருக்கிறதா? பெட்டி வைத்திருக்கிறவன் இவைகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லுவான்; போதும் என்றாலும் விடமாட்டான். பாகு காய்ச்சினவனோ சாமி படத்தைக் காட்டுவான். பதில் திருப்தியாயிருந்தால் நியாயமான விலையைக் கொடுத்து வாங்கி, அடுத்த வருஷமும் அவனிடமே போங்கள். மறு வருஷமும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் ஏமாற்றுவது அருமை. இதற்குப் பரிசோதனைச் சாலையைப் போன்ற நிச்சயம் கிடையாதுதான். என்றாலும் நாயையும் திரியையும் நம்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது.

கடைசியாக ஒரு விஷயம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டு வைத்து, அதற்குச் “சேனை வைத்தல்” என்று பேர் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வருமாம். குணம் வருகிறதோ இல்லையோ, சாவு வரலாம். மண்ணிலும் தூசியிலும் உள்ள ஒருவிதக் கிருமியின் வித்துகள் எவ்வளவு சுத்தமான தேனிலும் இருக்கக்கூடும். அவை சாதாரணமாகக் காய்ச்சினாலும் சாகா. பெரியவர்களுக்கு அவற்றால் கெடுதியில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து விஷத்தை உண்டாக்கி, மலச்சிக்கலும், பால் குடிக்கச் சக்தியின்மையும், தசைத் தளர்ச்சியும், முடிவில் மூச்சுத்திணறலும் ஏற்படுத்தலாம். ஆகையால்தான் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாதென்றும், முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலே போதுமென்றும் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நல்ல தேனாய்ப் பார்த்து வாங்கி வந்தோமே என்று பாட்டியம்மாள் சேனை வைக்க வந்தால், அவள் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம். அவள் மனம் நாளைக்கு ஆறிவிடும்.

அதுபோலவே, நீரிழிவுக்காரர்கள் “தேன்தானே, ஒன்றும் செய்யாது” என்று சாப்பிடுவதும் அறியாமையே. தேன் ஒரு நல்ல தின்பண்டம். உழைத்தவன் உண்டாக்கிய பண்டம். அது அமிர்தமுமல்ல, மருந்துக்கெல்லாம் மருந்துமல்ல. அதைத் தேன் என்று அறிந்து வாங்கி, தேன் என்றே அறிந்து சாப்பிடும்படி தோழர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.