தெவிட்டாத தமிழில் ‘தெவிட்டு நிலை’

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. தொடக்கக்கல்லூரி வரை அதைத் தாய்மொழிப் பாடமாகப் பயில்கிறோம். பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் பட்டிமன்றத்திற்கும் பொங்கல் விழாவிற்கும் கலைநிகழ்ச்சிக்கும் தமிழ், விரிவுரைக்கு ஆங்கிலம் என்று பாகம் பிரித்துவிடுகிறோம். “பொறியியலைத் தமிழில் பேச முடியுமா? சொற்களுக்கு எங்கே போவது?” என்று நம்மில் பலர் கேட்கிறோம்.

சொற்கள் இருக்கின்றன; சொல்லிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை என்பது என் கருத்து. அப்படிச் சொல்லிப் பார்ப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு மட்டுமன்று. பாடம் உண்மையிலேயே நமக்குப் புரிந்திருக்கிறதா என்பதற்கான சோதனையும் ஆகும்.

மின்னியல் மாணவர்கள் அனைவரும் சந்திக்கும் டிரான்சிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டேனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டே ஷாக்லி, இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டரின் கருத்தை வகுத்தார். 1956இல் மூவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நம் தாத்தா பாட்டிக்கோ ‘டிரான்சிஸ்டர்’ என்றால் கையடக்க வானொலிதான். அச்சொல் தமிழர் வீட்டுக்குள் வந்து பல காலமாகிறது. தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் சற்று நடந்தால் சிம் லிம் டவர். அங்குள்ள உதிரிபாகக் கடைகளில் அது ஒரு வெள்ளிகூடப் பெறாத பொருள்.

அதற்கு மூன்று கால்கள்: உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். இவை தமிழகப் பாடநூல்களில் வழங்கும் பெயர்கள். அடிவாய்க்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஏற்பான் வழியே பெரிய மின்னோட்டம் பாயும். பெருக்கம் 100 என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட் மின்வழங்கி. ஏற்பான் பக்கம் 1,000 ஓம் மின்தடை. அடிவாய்க்கு 10 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால் ஏற்பானில் 1 மில்லி ஆம்பியர். 20 கொடுத்தால் 2. கொடுப்பதற்கு ஏற்ற அளவில் கிடைக்கிறது. இதுவே செயல்படு நிலை. வானொலியில் மெல்லிய குறிப்பலையைப் பெருக்குவது இந்நிலையில்தான்.

இனி 100 மைக்ரோ ஆம்பியர் கொடுப்போம். 10 மில்லி ஆம்பியர் வருமா? வராது. அந்த மின்தடை வழியே 5 வோல்ட்டால் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் செலுத்த இயலாது. ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 வோல்ட் எஞ்சும். ஆகவே மின்னோட்டம் 4.8 மில்லி ஆம்பியரில் நின்றுவிடும். அடிவாயில் மேலும் எவ்வளவு ஊட்டினாலும் பயனில்லை. இதுவே தெவிட்டு நிலை. முழுதாகத் திறந்த குழாயை மேலும் திருகுவது போன்றது. சுவிட்ச்சாகப் பயன்படுத்தும்போது நாம் விரும்புவது இந்நிலையைத்தான்.

‘தெவிட்டு’ எனும் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வேதியியலில் ‘தெவிட்டிய கரைசல்’ என்கிறோமே, அதே சொல். பந்தியில் வயிறு நிறைந்தவர் இலையை விட்டு எழத் தாமதிப்பதுபோல, தெவிட்டிய டிரான்சிஸ்டரும் அடிவாயில் தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை அணையத் தாமதிக்கிறது.

இதற்கு மாறாக, ஆங்கிலத்தில் ‘சாச்சுரேஷன்’ என்று மனனம் செய்தவர் அடுத்த பாடத்தில் தடுமாறுகிறார். கணினிச் சில்லுகளில் நிறைந்திருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் அதே பெயரில் ஒரு நிலை உண்டு. ஆனால் அது முழுதாகத் திறந்த சுவிட்ச் நிலை அன்று. பெருக்கத்திற்குப் பயன்படும் நிலை! இருமுனை டிரான்சிஸ்டரின் செயல்படு நிலைக்கு இணையானது அதுவே. அங்கே மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் மின்னோட்டம் ஏறக்குறைய மாறாது. பெயர் ஒன்று, பொருள் வேறு. தமிழில் விளக்க முற்படுபவர் “எது தெவிட்டியது? எதனால்?” என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்விதான் கல்வி.

இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் இயற்பியலைத் தமிழிலேயே படித்துத் தேர்வு எழுதுகின்றனர். எனவே ‘முடியுமா’ என்ற வினாவுக்கு இடமில்லை. சிங்கையில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், நடக்கட்டும். வேலைச் சந்தையும் அதையே கேட்கிறது. நான் வேண்டுவது சிறிது. நம் மன்றக் கூட்டங்களில் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குவோம். ஒருவர் தம் துறைப் பாடம் ஒன்றை, அத்துறை அறியாதவருக்குப் புரியுமாறு தமிழில் சொல்லட்டும். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல் கலந்தாலும் குற்றமில்லை. கருத்துத் தமிழில் நடந்தால் போதும்.

“தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்” என்று முழங்குகிறோம். எதைப் பற்றிப் பேசுவோம் என்பதையும் நாம் முடிவு செய்யவேண்டும். தமிழைப் பற்றி மட்டுமே தமிழில் பேசிக்கொண்டிருந்தால், ஒருநாள் அதுவும் தெவிட்டிவிடும்.