அவஸ்தை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை ஒருமுறை சொல்லி முடிக்கிற கத்தோலிக்கர், தம் மரண வேளைக்காகவும் 53 தடவை வேண்டிவிடுகிறார். தினமும் அதைத் தவறாமல் சொல்லும் பாட்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அதே பாட்டி படுத்த படுக்கையாகி, "சாமியாரைக் கூப்பிடலாமா?" என்று யாராவது வாயெடுத்தால் போதும், வீடு பதறும். "அதுக்குள்ளயா? அவங்க பயந்துடுவாங்க."

பழியில் பாதி ஒரு சொல்லைச் சேரும். நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் திருவருட்சாதனத்தை 'அவஸ்தைப்பூசுதல்' என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவஸ்தை என்றால் உயிர் பிரியும் நேரத்து இழுபறி. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொன்றிலும் எண்ணெய் பூசி, அதனதன் வழியே செய்த பாவத்துக்கு மன்னிப்பு வேண்டுவது பழைய முறை. எண்ணெய்ச் சிமிழ் வாசலுக்கு வந்தால் எமனும் பின்னாலேயே வருவான் என்ற பயம் அப்படித்தான் ஊறிப்போனது.

இது சாகிறவர்களுக்கு மட்டுமே உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது. 1972-ல் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தினார். இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும். பெயரும் 'நோயில் பூசுதல்' ஆயிற்று. பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நோயாளி கேட்கலாம், முதுமையில் தளர்ந்தவர் கேட்கலாம். குணமாகி மறுபடி நோய் கண்டால் மறுபடியும் பெறலாம். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. வீடுகளில் பழைய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தாமதத்தின் விலை பெரிது. சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருச்சபை கடைசியாகத் தர விரும்புவது எண்ணெயை அல்ல, நற்கருணையை. பயணத்துக்கான உணவு என்றே அதைச் சொல்கிறது. அதை விழுங்கத் தொண்டை வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு நினைவு வேண்டும். வென்டிலேட்டர் குழாய் செருகிய பிறகு ஓடிவரும் சாமியார் எண்ணெய் பூசலாம், ஜெபிக்கலாம். தம்பியோடு இருபது வருடமாகப் பேசாத கதையை அந்த மனிதர் யாரிடம் இறக்கிவைப்பார்? பயப்படுவார் என்று சொல்லி அவரை யாரும் கேட்கவே இல்லை. பயம் பெரும்பாலும் சுற்றி நிற்பவர்களுக்குத்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூன் 29-ம் தேதியே தம் இறுதி விருப்பத்தை எழுதிவைத்தார். ரோமில் புனித மரியா பேராலயத்தில், அலங்காரமின்றி, மண்ணுக்குள் அடக்கம். கல்லில் 'பிரான்சிஸ்குஸ்' என்ற பெயர் மட்டும். எழுதிவிட்டார் என்பதற்காக எமன் அவசரப்படவில்லை. 2024-ல் இந்தோனேசியா முதல் சிங்கப்பூர் வரை நான்கு நாடுகள் சுற்றிவந்தார். இறந்தது 2025 ஏப்ரல் 21 அன்று.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இந்தச் சுணக்கம் எதுவும் கிடையாது. சமாதிக்கு வெள்ளையடிப்பு, பூ, மெழுகுவர்த்தி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகப் பூசை. அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று முதல் உலகப் போரின் நடுவே, 1915-ல், பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதி தந்தார். போனவர்களுக்காக இவ்வளவு செய்கிற குடும்பம், உயிரோடு கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு போன் செய்யத் தயங்குவது விந்தைதான்.

பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை போகிறது. வாசலுக்கு வருகிற சாமியாரிடம் அன்றைக்கே, நோயாளி காதுபடவே, கேட்டுவிடலாம். சிமிழ் அநேகமாக அவர் பையிலேயே இருக்கும்.