சித்தாள் கையில் கரண்டியைக் கொடுங்கள்

பூச்சு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். வீடு கட்டுகிறவர் சொல்கிறார், மேஸ்திரி சொல்கிறார், சிமெண்ட் கடைக்காரர்கூடச் சொல்கிறார். என் அபிப்பிராயம் வேறு. ஆள் இருக்கிறார்கள். பூசுகிற சுவருக்கு அடியிலேயே, தலையில் கலவைச் சட்டியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு யாரும் வேலையைச் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பொதுப்பணித்துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு என்று எத்தனையோ சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே பிடிக்காத பூச்சு தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் கொடுக்கும். அப்படிச் சத்தம் வந்த இடங்களில் பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. பூசியவருக்கு யாரும் முறையாகக் கற்றுத் தராததுதான் குறையாக இருக்கும்.

நம் காலத்துக் கொத்தனார்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? அப்பாவோடு, மாமாவோடு பத்துப் பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்து, எடுபிடியாக இருந்து, உணவு இடைவேளையில் பெரியவர்களின் கரண்டியை எடுத்துப் பழகி, திட்டு வாங்கித் தேறினார்கள். அந்த வழி இன்று கிடையாது. பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள், அது நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வேறு ஒரு வழியை நாம் ஏற்படுத்தவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வரும் இளைஞர்களையும் வந்த மறுநாளே சாரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கும் சொல்லித் தர ஆள் இல்லை.

குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட தொழில் என்ன ஆகும் என்பதற்குச் சுண்ணாம்புப் பூச்சே சாட்சி. மாடு கட்டி உருளைக்கல்லால் சாந்து அரைத்ததையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் ஊற்றியதையும் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றினார்கள். சுவர் இன்றும் பளபளக்கிறது. அந்த வேலை தெரிந்த கை எங்கே? தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தது, மகன் விட்டதும் நின்றுபோயிற்று. பழைய வீட்டைப் பழுதுபார்க்க நினைப்பவர்கள் இன்று ஊர் ஊராக ஆள் தேடுகிறார்கள்.

சிமெண்ட் பூச்சு அவ்வளவு பெரிய ரகசியமா என்றால், இல்லை. நல்ல கொத்தனார் ஆக வருடங்கள் ஆகும். ஆனால் ஓர் உள்சுவரை ஒழுங்காகப் பூசும் அளவுக்குச் சில வாரங்களில் பழகிவிடலாம். அதன் படிகளைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் சுவரைத் தயார் செய்ய வேண்டும். செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, முந்தின நாளே நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். அதற்காகத் தண்ணீர் வழிய வழியவும் பூசக் கூடாது. கான்கிரீட் தூண், பீம் இருக்கும் இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். அதுவும் செங்கல்லும் சேரும் கோட்டில் கம்பி வலை அடித்தால் பிற்பாடு வெடிப்பு வராது.

அடுத்தது கலவை. மணலைச் சலித்து, சிமெண்டோடு உலர்வாகவே ஒரே நிறம் வரும்வரை புரட்டி, பிறகு தண்ணீர். உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் போதும். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவுதான் குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி உபயோகிப்பது பூச்சைக் கெடுக்கும் பழக்கங்களில் முதன்மையானது.

மூன்றாவது மட்டம். சுவரின் மேலே கலவையால் ஒரு வில்லை வைத்து, தூக்குக்குண்டு விட்டு, அதே கனத்துக்குக் கீழே ஒரு வில்லை. இப்படி ஐந்தாறு அடிக்கு ஒரு ஜோடி வைத்து, அவற்றை மேலிருந்து கீழாகப் பட்டையாக இணைத்துவிட்டால் கண்ணுக்கு வேலை குறைந்துவிடும். உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனம், மேல்தளத்தின் அடிப்பகுதிக்கு 6 மில்லிமீட்டர்.

நான்காவதுதான் கைப்பழக்கம். கலவையைக் கரண்டியில் எடுத்து மணிக்கட்டைச் சுண்டி அடிக்க வேண்டும். அப்பினால் உள்ளே காற்று நிற்கும், அடித்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு பட்டைகள்மேல் மட்டக்கோலை வைத்து இழுத்து, சற்று இறுகியதும் மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இந்தச் சற்று இறுகுவதற்குக் காத்திருப்பதுதான் புதியவர்களுக்கு வராதது. அவசரப்பட்டு உலர் சிமெண்டைத் தூவித் தேய்க்கிறார்கள், மயிரிழை வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. கடைசியாக ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும்.

இதில் சுவரை நனைப்பது, மணல் சலிப்பது, கலவை குழைப்பது, பிற்பாடு தண்ணீர் விடுவது எல்லாம் இன்று யார் செய்கிறார்கள்? சித்தாள்தான். பூச்சில் பாதி வேலை அவருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி மட்டமும் மணிக்கட்டும்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டினார்கள். மாலை நடையில் அங்கே நின்று பேசுவது என் வழக்கம். அங்கு வேலை செய்த சித்தாள் ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். 22 வருடமாகக் கலவை குழைக்கிறாராம். கொத்தனார் கேட்பதற்கு முன்பே, "மேஸ்திரி, இந்த மணல்ல தூள் ஜாஸ்தி, இப்படியே பூசினா வெடிக்கும்" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"ஏம்மா, நீங்களே பூசலாமே?" என்றேன்.

சிரித்துவிட்டார். "யார் சார் குடுப்பா கரண்டிய? எங்க வீட்டு அடுப்படிச் சுவர நான்தான் பூசினேன். இங்க கேட்டா, நீ போய் தண்ணி எடுத்துட்டு வாம்பாங்க."

எங்கள் ஊரில் சித்தாள் கூலி கொத்தனார் கூலியில் ஏறக்குறையப் பாதி. கொத்தனாருக்குக் கையாளாக வரும் பையன் நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண் மட்டும் இருபத்தைந்து வயதில் சித்தாளாக வந்து, முட்டி தேய்ந்து ஐம்பத்தைந்தில் சித்தாளாகவே வீட்டுக்குப் போகிறார். சுமை தூக்க முடியாத வயதில் அவருக்குக் கையில் வேறு வேலை கிடையாது. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

மேஸ்திரிகளிடம் இதைப் பேசியிருக்கிறேன். மூன்று காரணம் சொல்வார்கள். பெண்கள் சாரம் ஏற முடியாது என்பது முதலாவது. கலவைச் சட்டியோடு இரண்டு மாடி ஏறுகிறவருக்குச் சாரம் ஒரு கஷ்டமா? சாரத்தை உறுதியாகக் கட்டி, பிடிக்கக் குறுக்குக் கழி வைத்தால் ஆண்களும் விழாமல் இருப்பார்கள். சேலைமேல் சட்டை போட்டு வேலை செய்கிறவர்கள், தேவையென்றால் அதற்கேற்ற உடுப்பும் போட்டுக்கொள்வார்கள்.

பொருள் வீணாகும் என்பது இரண்டாவது. நூறு சதுர அடி உள்சுவருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட் போகும். மோசமாகப் போனாலும் நஷ்டம் அந்த ஒரு மூட்டையும் கொஞ்சம் மணலும்தான். அதுகூட வேண்டாம் என்றால் சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவையில் பழகச் சொல்லுங்கள். அது சீக்கிரம் இறுகாது. சுவரில் அடித்து, மட்டம் பார்த்து, சுரண்டி எடுத்து, மறுபடி குழைத்து அடிக்கலாம். ஒரே கலவையில் நாள் முழுக்கப் பழகலாம்.

மூன்றாவது காரணத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் கற்றுக்கொண்டால் நம் கூலி இறங்கிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஆளே கிடைக்கவில்லை என்று அவர்களே சொல்லும் காலத்தில் அந்தப் பயத்துக்கு என்ன வேலை?

நம் மாநிலத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. அரசு பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. அவை நல்லவை, இன்னும் பெருக வேண்டும். ஆனால் சான்றிதழோடு திரும்பி வரும் பெண்ணை மேஸ்திரி மறுபடி தண்ணீர் எடுக்கத்தான் அனுப்புவார் என்றால், அந்தப் பயிற்சியால் என்ன பிரயோஜனம்? வேலை நடக்கும் இடத்தில், சம்பளத்தோடு, ஒரு சுவர் கிடைக்க வேண்டும். அந்தச் சுவர் வீட்டுக்காரருடையது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நம்மில் பலர் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அவர்கள் பணத்தில் கட்டும் வீட்டை மேற்பார்வை பார்க்கிறோம். மேஸ்திரியிடம் நாம் சொன்னால் கேட்பார். மதில் சுவரின் உட்புறமோ, தண்ணீர்த் தொட்டி அறையோ, பின்பக்கத்துச் சாமான் அறையோ, கண்ணில் படாத ஒரு சுவரை ஒதுக்குங்கள். "இதை அந்த அம்மா பூசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். ஆகிற கூடுதல் செலவு என்னுடையது" என்று சொல்லுங்கள். வாரம் இரண்டு நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். மேஸ்திரிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி போட்டுக் கொடுத்துவிடுங்கள், சொல்லிக் கொடுப்பதும் வேலைதான்.

சுவர் கோணலாக வந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூசச் சொல்லுங்கள். நேராக வந்தால், அடுத்த வாரத்திலிருந்து அவருடைய கூலியைப் பற்றி மேஸ்திரியிடம் நீங்களே பேசுங்கள்.