வேஷமும் மறுரூபமும்

பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபையாருக்கு வரைந்த நிருபத்தின் 12-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், உலகப் போக்கோடு ஒத்துப்போவதையும் மனம் புதிதாவதையும் எதிரெதிரே நிறுத்துகின்றார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதற்கு வேஷம் என்னும் சொல்லையும், பின்னதற்கு மறுரூபம் என்னும் சொல்லையும் ஆள்கின்றது. மலைமீது ஆண்டவர் ஒளிமயமாய்க் காணப்பட்டதைச் சொல்லுமிடத்தும் மறுரூபமே வருகின்றது. கிரேக்க மூலத்திலும் ஈரிடத்தும் வினைச்சொல் ஒன்றே. வேஷம் கூத்தாடுபவனுக்குரியது. பூசினால் ஏறும், கழுவினால் இறங்கும். மறுரூபமோ உள்ளே தோன்றி முகத்துக்கு வருவது. இவ்வேற்றுமையை நம் முன்னோர் இத்துணைத் தெளிவாய்த் தமிழில் வைத்துப் போயிருக்க, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதையும், பெயரின் முன் ஒரு ஜேம்ஸோ டேவிடோ சேர்ந்ததையும் மனம் புதிதானதற்கு அத்தாட்சியாக நாம் நெடுங்காலமாய் எண்ணி வருகின்றோம்.

நம் விருதுநகர்ச் சீமையில் இதை ஆராய்வார்க்கு நல்லதோர் உதாரணம் சிவகாசியில் இருக்கின்றது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் ஐயர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பெல்லோவாக இருந்தவர். பின்னர்ச் சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசியானார். கணக்கும் கடிதமும் அறிக்கையும் அவர் கையில் இருந்தன. எந்தச் சபையில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று எண்ணிச் சீமைக்கு எழுதுவது அவ்வேலையின் ஒரு கூறு. அத்தகையவர் 1854-இல் மேசையை விட்டெழுந்து, பென் ஐயரும் மெடோஸ் ஐயரும் உடன்வர, வட திருநெல்வேலியின் கரிசற்காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்த் திரியலானார். தென்பகுதிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசிமாரும் முறைவைத்து வந்து துணைநின்றனர். வெயிலும் தூசியும் நுரையீரல் நோயும் அவரை வாட்டின. 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியிலேயே, 43-ஆம் வயதில், உயிர் நீத்தார். நாலாண்டு உழைப்பிற்குக் கண்கண்ட பலன் என்று சீமைக்கு எழுதத்தக்கது மிகச் சிறிதே.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அவர் பட்ட பாட்டையே விரித்துரைப்பர். நமக்கோ அதனினும் வியப்பாய்த் தோன்றுவது வேறொன்று. எண்ணிக்கையைக் காட்டிப் பழகிய ஒரு மனம், எண்ணிக்கையே இல்லாத இடத்திற்குத் தானாக இறங்கி வந்தது. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமைமணியைப் பற்றி ஆண்டவர் உரைத்ததையே அவர் தம் ஊழியத்தின் திட்டமாகக் கொண்டிருந்தார். ஆகவே வட திருநெல்வேலியில் முதன்முதல் மனம் புதிதானவர் கேட்க வந்த உழவரல்லர், பேச வந்த ஐயரே என்று சொல்லலாம். பிறரைத் திருப்பப் புறப்படுகிறவன் தன் அளவுகோலை முதலில் முறித்தாக வேண்டும்.

இனி, பக்தி மிகுந்தால் மனம் தானே புதிதாகிவிடும் என்பாரும் உளர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரினும் பக்திப்பாடலில் மிக்கவர் நம் சபைகளில் யார்? அவரே 1829-இல் சாதியாசாரத்தை ஆதரித்து மிஷனெரிமாரை எதிர்த்து எழுதினார். அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகின்றோம். பாடவேண்டாமென்று நாம் சொல்லவுமாட்டோம். ஆனால் நாவும் இருதயமும் கர்த்தரிடம் இருக்கையிலேயே, மனத்தின் ஓர் அறை மாத்திரம் பூட்டிக் கிடக்கக்கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சாட்சி வேண்டுவதில்லை. அப்பூட்டின் பெயர் வழக்கம். பாவத்தைப் பாவமென்று அறிந்து செய்கிறவன் என்றேனும் அழுவான். வழக்கமென்று செய்கிறவனுக்கு அழுகை வாராது.

நம் பக்கத்தில் அவ்வழக்கம் மருந்து நாற்றம் உடையது. வானம் பார்த்த பூமி இது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்திராவிடில், இங்குள்ள பல்லாயிரம் குடும்பங்கள் எங்ஙனம் பிழைத்திருக்கும் என்று எண்ணவும் இயலவில்லை. அதன்பின் வந்த பட்டாசும் அச்சும் ஊரை வளர்த்தன. தொழிலைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆயினும் சிறுகுழந்தைகள் விடியுமுன் வண்டியேறிச் சென்று தீப்பெட்டிக் கட்டையில் குச்சி அடுக்கியதை இரண்டு தலைமுறை பார்த்தது. பார்த்தவரில் ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் சென்றோரும் இருந்தனர். 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இது வழக்கமன்று, தீங்கு என்று நமக்கு முதலில் உரக்கச் சொன்னது பிரசங்க பீடமா, நீதிபீடமா என்பதை வாசகரே நினைத்துப் பார்க்க.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் வெடிவிபத்து நின்றபாடில்லை. அறைக்கு அறை இடைவெளி வேண்டும், அறைக்கு இத்தனை பேர்தான், மருந்து இவ்வளவுதான் என்று விதிகள் உண்டு. அதிகாரியின் வண்டி திரும்பிப் போனபின் நால்வர்க்குரிய அறையில் ஆறாமவர் உட்காருகிறார். தீபாவளி நெருங்க நெருங்க மரத்தடியும் வேலையிடமாகின்றது. உரிமம் ஒருவர் பேரிலும் குத்தகை இன்னொருவர் கையிலும் இருக்கின்றது. முன்பணம் வாங்கிய பெண்பிள்ளை எதிர்த்துப் பேச அஞ்சுகிறாள். விதி மனிதனுக்கு வேஷம் பூட்டவல்லது. வண்டி போனபின் அவன் யாராய் இருப்பான் என்பது விதிக்கு எட்டாதது. அங்கேதான் அப்போஸ்தலர் சொன்ன மனம் வேலை செய்யவேண்டும்.

இதெல்லாம் சமூகச் சீர்திருத்தம், ஆவிக்குரிய விஷயமன்று என்று சில அன்பர் மறுக்கக்கூடும். அவர்கள் அதே 12-ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிப்பாராக. மனம் புதிதாவதைச் சொன்ன அப்போஸ்தலர் உடனே பேசுவது தரிசனங்களைப் பற்றியன்று. கொடுத்தல், இரங்குதல், எளியோரோடு இணங்குதல், பகைவனுக்கு உணவளித்தல் ஆகியவற்றைப் பற்றி. அவர்க்கு உட்புறமும் வெளிப்புறமும் ஒரே வீட்டின் இரு திண்ணைகள்.

நம் கல்லூரியில் பயின்றோர் பலர் இன்று அத்தொழில்களை நடத்துகின்றனர், கணக்கு எழுதுகின்றனர், கடன் கொடுக்கும் வங்கிகளிலும் சோதிக்கும் அலுவலகங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். பழைய மாணவர் தினத்தில் விருந்தும் விளையாட்டும் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படலாம் என்பது நம் கோரிக்கை: உங்கள் அறையில் சென்ற வாரம் எத்தனை பேர் இருந்தனர்? பதிலைப் பத்திரிகையில் அச்சிட வேண்டுவதில்லை. கேட்பவர் மாணவராயிருந்தால் நலம்; ஆண்டு மாநாட்டுப் பிரசங்கியாரை விட அவர்க்குப் பதில் சொல்வது கடினம்.