பாடம் வீட்டுக்கு வந்தது. கேள்வி எங்கே போயிற்று?

பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. ஆனால் பாடம் நடந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கண்ட புதுமை இது.

கொரோனா நோய் பரவியதால் 2020 மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் 2021 தொடக்கத்தில் சில வாரங்கள் வந்து போனார்கள். 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-ந் தேதி திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. அதாவது 19 மாதங்களுக்கு மேல் அந்தப் பிள்ளைகள் வகுப்பறையைப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை, ஆறாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே படித்து முடித்தது. ஏழாம் வகுப்பின் நடுவில்தான் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தது.

இந்தப் பிள்ளைகள் படிக்க மறந்துவிட்டார்களா, கணக்கை மறந்துவிட்டார்களா என்று நாடு முழுவதும் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சமூக அறிவியல் என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. முன்பு சரித்திரம், பூகோளம் என்று சொன்னோமே, அந்தப் பாடம்தான் இது. குடிமையியலும் இதில் அடக்கம். "அது மனப்பாடப் பாடம்தானே? புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டால் போயிற்று!" என்பதே பலருடைய எண்ணம்.

அந்த எண்ணம் சரிதானா?

பாடம் வந்த வழி

முதலில், பாடம் எப்படி வீடு தேடி வந்தது என்று பார்ப்போம்.

தமிழக அரசின் 'கல்வித் தொலைக்காட்சி' 2019 ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கியது. அப்போது கொரோனா என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை. ஓர் ஆண்டுக்குள் அதுவே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. எந்த வகுப்புக்கு எந்த நேரம் என்று அட்டவணை போட்டுப் பாடங்கள் ஒளிபரப்பாயின. பாடப் புத்தகத்தில் சிறு கட்டமாக அச்சிட்டிருக்கும் குறியீட்டைச் செல்போனில் படம் பிடித்தால், அந்தப் பாடத்தின் காட்சி திரையில் வந்தது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள். வீட்டுப்பாடத்தை அதில் அனுப்பினார்கள்.

தொலைக்காட்சியை நம்பியது புத்திசாலித்தனமான ஏற்பாடு. காரணம் உண்டு. 2017-18-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இந்தியக் கிராமங்களில் 100 வீடுகளில் சுமார் 15 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. நகரங்களில் 42 வீடுகளில் இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த கிராமத்து வீடுகள் 100-க்கு 4 மட்டுமே. இணையத்தை மட்டும் நம்பினால் கிராமத்துப் பிள்ளை தெருவில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டிலோ, 2006 முதல் 2011 வரை அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியிருந்தது. குடிசை வீட்டிலும் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி கைகொடுத்தது.

செல்போனும் வேகமாகப் பரவியது. நாட்டின் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் 2018-ல் 100-க்கு 36 பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2020-ல் அது 61 பேர் என்று ஏறிவிட்டதாக 'அசர்' என்னும் கல்விக் கணக்கெடுப்பு கூறியது. ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு. பிள்ளையின் கையில் போன் இருப்பது வேறு. அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போகும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், பொதுத் தேர்வு எழுதும் மூத்த பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. ஆறாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க வேண்டும்.

திரை செய்த நன்மை

திரையில் வந்த பாடம் வீண் என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் கரும்பலகையைவிடத் திரையே மேல்.

ஆறாம் வகுப்பில் சூரியக் குடும்பம் ஒரு பாடம். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதைச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுவது கடினம். திரையில் அது சுழன்றே காட்டும். சிந்துவெளி நாகரிகம் ஒரு பாடம். அந்த நகரத்துச் செங்கல் சுவரையும் குளத்தையும் நேரில் போய்ப் பார்க்க எத்தனை பிள்ளைகளால் முடியும்? திரை அதைக் கண்முன் கொண்டு வந்தது. புரியாவிட்டால் திரும்பவும் போட்டுப் பார்க்கலாம். காய்ச்சலில் படுத்த பிள்ளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னும் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளை, தனியாகக் குரலைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பலாம்.

இவையெல்லாம் லாபம். நஷ்டம் எங்கே?

வராதது எது?

அதே ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் 'சமத்துவம் பெறுதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. 'மக்களாட்சி' என்று ஒரு பாடம் இருக்கிறது. 'உள்ளாட்சி அமைப்பு' என்று ஒரு பாடம் இருக்கிறது. இவற்றைச் சுழலும் படத்தால் விளக்க முடியாது. இவை பேசிப் படிக்க வேண்டிய பாடங்கள்.

வகுப்பறையில் என்ன நடக்கும்? "எல்லோரும் சமம்" என்று ஆசிரியர் சொல்வார். "அப்படியானால் எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணீர்க் குழாய் இல்லை, சார்?" என்று ஒரு பையன் கேட்பான். "வீட்டில் அண்ணன் விளையாடப் போகிறான், நான் மட்டும் பாத்திரம் தேய்க்கிறேன். இது சமமா, டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்பாள். இன்னொரு பிள்ளை மறுத்துப் பேசும். ஆசிரியர் இருவரையும் பேச விடுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். பல சாதி, பல மதப் பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பதே பாதிப் பாடம்.

தொலைக்காட்சிப் பெட்டியிடம் கேள்வி கேட்க முடியாது. அது தன் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகும். செல்போன் குழுவில் கேட்கலாம். ஆனால் எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்து கேட்பதற்குள் பாடம் முடிந்துவிடும். கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டால் "புரிந்தது" என்று அர்த்தம். உண்மையில் புரிந்ததா என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். முகம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. ஊருக்கு ஊர் புதிய தலைவர்கள் வந்திருந்தார்கள். உள்ளாட்சிப் பாடத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்க நல்ல சமயம். ஆனால் 2020 அக்டோபர் 2-ந் தேதி நடக்க வேண்டிய கிராம சபைக் கூட்டங்கள் நோயின் காரணமாக ரத்தாயின. கிராம சபை என்றால் என்ன என்று பிள்ளை திரையில் படித்தது. ஊரில் சபை கூடவில்லை.

பழைய அனுபவம்

பெட்டியில் பாடம் நடத்துவது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கா கடன் கொடுத்த ஒரு செயற்கைக் கோளின் உதவியால், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவை அந்த மாநிலங்கள்.

அதற்கும் 2020-க்கும் ஒரு பெரிய வித்தியாசம். அன்று ஊருக்கு ஒரு பெட்டி. பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் பேசிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருந்தது. 2020-ல் வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தில் சக மாணவன் இல்லை.

அளந்ததும் அளக்காததும்

பள்ளி திறந்தபின் இழப்பை ஈடுகட்ட முயற்சி நடந்தது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பலன் கிடைத்தது. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 சிறு குழந்தைகளைப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். தமிழிலும் கணக்கிலும் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் குழந்தைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் ஏறக்குறையக் கால் பங்கு மாலை வகுப்பால் வந்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் அளந்தது தமிழும் கணக்கும். 'அசர்' கணக்கெடுப்பு அளப்பதும் வாசிப்பையும் கணக்கையும்தான். எது அளக்கப்படுகிறதோ அதற்குத்தான் மருந்து கிடைக்கிறது. 2021 நவம்பரில் மத்திய அரசு நடத்திய தேசிய அடைவுத் தேர்வில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கேள்விகளும் இருந்தன. ஆனால் அவை கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சரியான விடையைக் குறிக்கத் தெரியுமா என்பதை அது அளக்கும். கேள்வி கேட்கத் தெரியுமா என்பதை அது அளக்காது.

நேரம் குறைந்தால் முதலில் கை வைப்பது எதில் என்பதையும் அந்த ஆண்டு காட்டியது. 2020 ஜூலையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் உயர் வகுப்புகளின் பாடச் சுமையை 30 சதவீதம் வரை குறைத்தது. அந்த ஓர் ஆண்டுத் தேர்வுக்காகப் பதினோராம் வகுப்பு அரசியல் பாடத்தில் நீக்கியவற்றில் கூட்டாட்சி, குடியுரிமை, மதச்சார்பின்மை ஆகிய பகுதிகள் இருந்தன. அதை எதிர்த்துப் பலத்த விவாதம் எழுந்தது.

ஏன் இது பெரிய விஷயம்?

நம் நாட்டில் 1989-ம் ஆண்டு வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. 2020-21-ல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு 2025 வாக்கில் 18 வயது நிரம்பியது. அவர்களுக்குப் பின்னால் ஏழாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் வரிசையாக வருகின்றன. மக்களாட்சியைப் பெட்டியில் பார்த்துப் படித்தவர்கள், மக்களாட்சியை நடத்த வருகிறார்கள்.

பாடம் கொண்டு வந்த அதே செல்போன், பொய்ச் செய்தியையும் கொண்டு வந்தது. இதைக் குடித்தால் கொரோனா வராது, அதைத் தின்றால் குணமாகும் என்று அந்த நாட்களில் எத்தனை வதந்திகள்! ஏழாம் வகுப்பில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்றே ஒரு பாடம் உண்டு. "யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது இதைச் சொல்கிறார்களா?" என்று கேட்கப் பழக்குவதுதான் சரித்திர வகுப்பின் வேலை. கல்வெட்டையும் நாணயத்தையும் ஏன் சான்று என்கிறோம் என்று படிக்கும் பிள்ளை, போனில் வரும் செய்திக்கும் சான்று கேட்கும். அந்தப் பழக்கம் மனப்பாடத்தால் வராது.

மறுபடியும் வந்தால்?

பள்ளி மூடுவது கொரோனாவோடு தீர்ந்துபோன கதை அல்ல. 2023 டிசம்பரில் சென்னையில் புயல் வெள்ளம், பள்ளிகள் மூடப்பட்டன. 2024 நவம்பரில் டில்லியில் புகை மண்டலம். வகுப்புகள் இணையத்துக்கு மாறின. இனியும் இப்படி நேரும். ஆகவே இப்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

முதலாவது, திரையில் பாடம் சுருக்கமாக இருக்கட்டும். தகவல் புத்தகத்தில் இருக்கிறது. மீதி நேரம் ஐந்து ஐந்து பிள்ளைகளாகப் பேசுவதற்கு வேண்டும். இணையம் இல்லாத பிள்ளைக்குச் சாதாரண போனில் ஆசிரியர் வாரம் ஒருமுறை பேசினாலே போதும். தன்னை ஒருவர் கேட்கிறார் என்ற தைரியம் வரும்.

இரண்டாவது, வீட்டையே பாடப் புத்தகம் ஆக்கலாம். சமூக அறிவியலுக்கு வீட்டைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. பாட்டியிடம் அவர் சிறுவயதில் கண்ட பஞ்சத்தையோ புயலையோ கேட்டு எழுதச் சொன்னால் அது சரித்திரம். தெருவைப் படம் வரைந்து, கிணறு எங்கே, ரேஷன் கடை எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறிக்கச் சொன்னால் அது பூகோளம். தெருவிளக்கு எரியாவிட்டால் யாருக்கு மனு எழுத வேண்டும் என்று விசாரித்து எழுதச் சொன்னால் அது குடிமையியல்.

மூன்றாவது, பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "இன்றைக்கு என்ன கேள்வி கேட்டாய்?" என்றும் கேட்கலாம். பெற்றோருக்குப் பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. "தெரியவில்லை, இருவரும் தேடுவோம்" என்று சொல்வதே பிள்ளைக்கு நல்ல பாடம்.

விடுபட்ட வகுப்பை நடத்த இன்னும் காலம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய இளைஞரை அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குக் கூடவே அழைத்துப் போகலாம். அங்கே வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்கள். எழுந்து நின்று கேள்வி கேட்க அங்கே யாரும் தடை சொல்ல முடியாது.