பிள்ளையின் பின்னால் வரும் பெயர் யாருடையது?

நோர்வேயில் பிறந்து வளரும் எமது பிள்ளைகளிடம், "உன் பெயருக்குப் பின்னால் வரும் பெயர் யாருடையது?" என்று வினவினால், பெரும்பாலோர் "அது எங்கள் குடும்பப் பெயர்" என்று விடை பகர்வர். சற்று வளர்ந்தோர் "அப்பாவின் பெயர்" என்பர். "அப்பப்பாவின் பெயர்" என்று சொல்லும் பிள்ளைகளும் இன்று தமிழ் வகுப்புகளில் வந்து அமரத் தொடங்கிவிட்டனர். அந்த அப்பப்பா எந்த ஊரவர், அவர் பெயரின் பொருள் யாது என்று மேலும் ஒரு வினாத் தொடுத்தால் வகுப்பறை அமைதியாகிவிடுகின்றது. அந்த அமைதியைப் பற்றியே இம்மலரில் எமது எண்ணத்தைப் பெற்றோர் முன் வைக்க விழைகின்றோம்.

தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் என்பது எம்மவரிடையே பெருவழக்காக இருந்ததில்லை. எமக்கு இருந்தவை ஊர்ப்பெயரும் தந்தை பெயருமே. சங்கப் புலவர் ஒருவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று நூல்கள் குறிக்கின்றன. முதலில் ஊர், அடுத்துத் தந்தை, இறுதியில் தன் பெயர். கணக்காயர் என்பது எழுத்தறிவித்த ஆசிரியரைக் குறிக்கும் சொல். ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு இப்பெயரில் ஒரு தனிப் பற்று உண்டென்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கின்றோம். தொல்காப்பியரோ, இயற்பெயரோடு தந்தை பெயரும் மகன் பெயரும் எவ்வாறு புணரும் என்பதற்கு எழுத்ததிகாரத்திலே விதியே வகுத்துள்ளார். உரையாசிரியர்கள் காட்டும் சாத்தங்கொற்றன் என்னும் எடுத்துக்காட்டுக்குச் சாத்தனின் மகனாகிய கொற்றன் என்பது பொருள். ஆதனின் தந்தை ஆந்தை எனப்பட்டார். பிசிர் என்னும் ஊரவரான பிசிராந்தையாரின் பெயர் அவ்வாறு பிள்ளையின் பெயரைத் தாங்கி நின்றதே.

பிற்காலத்தில் இவை முதலெழுத்துகளாகச் சுருங்கின. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் (1832–1901) பெயரிலுள்ள சி என்பது அவர் பிறந்த சிறுப்பிட்டி. வை என்பது தந்தையார் வைரவநாதர். இரண்டு எழுத்துக்குள் ஓர் ஊரும் ஒரு தந்தையும் அடங்கிவிட்டனர்.

தந்தை பெயர் ஒரு தலைமுறையோடு நகர்ந்துவிடுமாயின், பாட்டன் பெயர் அழிந்துவிடாதா? அதற்கும் எம்மவர் வழி கண்டிருந்தனர். பாட்டன் பெயரைப் பேரனுக்குச் சூட்டினர். பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. யாழ்ப்பாணத்திலோ பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர். சேர். பொன். அருணாசலம் அவர்களின் (1853–1924) தந்தையார் பொன்னம்பலம். அத்தந்தையாரின் தந்தையார் அருணாசலம். பதிவாளர் நாயகமாக இருந்து 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தி, இலங்கை மக்களின் பெயர்களையும் தொகைகளையும் ஏட்டிலேற்றிய அப்பெருமகனாரே தம் பாட்டனாரின் பெயரைச் சுமந்தவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்த ஒழுங்கு நோர்வேக்கு வந்ததும் என்ன ஆயிற்று? இலங்கையில் எழுதப்பெற்ற பத்திரங்களில் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக இருந்தது. இந்நாட்டு வழக்கிலோ இறுதியில் நிற்பதே குடும்பப் பெயர். கந்தையாவின் மகன் சிவபாலன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். இங்குள்ள ஏட்டில் அவருடைய முதற்பெயர் கந்தையா ஆகிவிட்டது. சிவபாலன் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மருத்துவரின் வாயிலில் தாதி வந்து "கந்தையா" என்று அழைக்கும்பொழுது, ஊரிலே வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் இருக்கும் தந்தையை யார் இங்கு அழைக்கின்றார்கள் என்று திகைத்தோர் எம்மிற் பலர். அவருடைய உடன்பிறந்த தம்பி குணபாலன் வந்து சேர்ந்தபொழுது அவருடைய குடும்பப் பெயர் குணபாலன் ஆயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் இந்நாட்டு ஏட்டில் இரு வேறு குடும்பத்தவர்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சிவபாலனின் மகளுக்குச் சிவபாலன் என்பதே பின்பெயராக அமைந்தமையால், எம் மரபுப்படி அவளுக்கு உரிய தந்தை பெயரே கிடைத்துவிட்டது. முதல் தலைமுறையில் நிகழ்ந்த குழப்பம் இரண்டாம் தலைமுறையில் தானே நேராகிவிட்டது. மூன்றாம் தலைமுறையிலேதான் பெயர் உறைந்துபோகின்றது. அவளுடைய பிள்ளையும், அப்பிள்ளையின் பிள்ளையும் சிவபாலன் என்றே எழுதுவர். ஊரிலே தனி ஒருவருக்கு வைத்த பெயர் இங்கே ஒரு வமிசத்தின் பெயராகிவிடுகின்றது.

இதனைக் கண்டு வருந்துவோர் ஒன்றை அறிதல் வேண்டும். நோர்வே மக்களும் இவ்வழியே நடந்து வந்தவர்களே. ஹான்ஸின் மகன் ஹான்சன், ஓலாவின் மகள் ஓல்ஸ்தாத்தர் என்று தந்தை பெயரால் வழங்கியவர்கள் அவர்கள். அத்தோடு தாம் வாழ்ந்த பண்ணையின் பெயரையும் சேர்த்துக்கொண்டனர். பாக்க என்றால் சரிவு. ஹௌகன் என்றால் மேடு. வீக் என்றால் கடற்குடா. எமது காணி உறுதிகளிலே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் எழுதியிருக்கும் அல்லவா? அதனைப் போன்றதே இதுவும். பண்ணை மாறினால் பெயரும் மாறிற்று. 1923 ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டமே ஒவ்வொரு குடும்பமும் நிலையான ஒரு பெயரைக் கொள்ளுதல் வேண்டும் என்று விதித்தது. இன்று ஹான்சன் என்று எழுதும் பெண்மணி, சொற்பொருள் நோக்கின், தம்மை ஹான்ஸின் மகன் என்றே எழுதுகின்றார்! அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஐஸ்லாந்து மக்களோ இன்றும் பழைய முறையைக் கைவிடாது வைத்திருக்கின்றனர். 1980 முதல் 1996 வரை அந்நாட்டின் அதிபராக விளங்கிய விக்டிஸ் அம்மையாரின் பின்பெயர் ஃபின்பொகாதொத்தீர். ஃபின்பொகியின் மகள் என்பதே அதன் பொருள்.

ஹான்சன் என்னும் பெயரை இந்நாட்டில் ஏறத்தாழ 50,000 பேர் தாங்குகின்றனர். ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவர். இத்தகைய பெயரை வேண்டுபவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2003 சனவரி முதல் நடைமுறையிலுள்ள பெயர்ச் சட்டத்தின்படி, 200 பேரோ அதனிற் குறைந்தோரோ தாங்கும் குடும்பப் பெயர் காப்புடைய பெயராகும். உறவுரிமை இல்லாத ஒருவர் அதனைக் கொள்ள விரும்பின், அப்பெயரைத் தாங்குவோர் அனைவரின் இசைவையும் பெறுதல் வேண்டும். எமது பெயர்களுட் பல இவ்வரம்புக்குள் அடங்குவன. ஊரிலே தெருவுக்கு ஒருவர் இருந்த பெயர், இங்கே அரிய பெயராகிச் சட்டத்தின் காவலையும் பெற்றுவிட்டது. சட்டம் காக்கும் பெயரை நாமே வெட்டி எறியலாமா என்பதுதான் எமது கேள்வி.

வெட்டி எறிகின்றோம் என்பது மிகையன்று. சிவசுப்பிரமணியம் சிவா ஆகின்றது. பாலசுந்தரம் பாலா ஆகின்றது. நண்பர்கள் அழைப்பதற்கு அவ்வாறு சுருக்குவதில் எமக்கு மறுப்பில்லை. ஊரிலும் அது நடந்ததுதான். விண்ணப்பம் எழுதிப் பதிவேட்டிலேயே குறுக்கிவிடுவதைத்தான் நாம் ஏற்கவில்லை. நோர்வேஜியர் நாவுக்கு எட்டாது என்பது பெற்றோர் கூறும் காரணம். 1903 இல் நோபல் பரிசு பெற்ற இந்நாட்டுப் பெருங்கவிஞரின் பெயர் பியோர்ன்ஸ்டியார்ன பியோர்ன்சன். அதனை எம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிழையறச் சொல்லப் பழகிவிடுகின்றனர். சொல்லப் பழக்கினால் எந்த நாவும் பழகும். வேலைக்கு விண்ணப்பிக்கும்பொழுது நீண்ட பெயர் தடையாகும் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட மாட்டோம். எனினும் பெயரைக் குறுக்குவதால் முகம் மாறிவிடப் போவதில்லை.

அயல்நாட்டுப் பெயர் ஒன்று இந்நகரத்தில் வேரூன்றியதற்கு நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. 1770 ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து பேர்கனில் குடியேறிய அலெக்சாந்தர் கிரெய்க் என்பவர், தம் பெயரில் இரண்டு உயிரெழுத்துகளை மாத்திரம் இடம் மாற்றி கிரீக் என்று எழுதலானார். அவருடைய கொள்ளுப்பேரனே இசைமேதை எட்வார்ட் கிரீக் (1843–1907). வந்தேறிய ஒருவரின் பெயர் இன்று இந்நகரத்தின் பெருமையாக, இசை மண்டபத்தின் முகப்பில் நிற்கின்றது.

எமது நாட்டிலும் இதன் மறுதலை நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823 முதல் 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியிலே, மாணவர்க்கு அமெரிக்கப் பெரியார்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. அவ்வாறு நெவின்ஸ் என்னும் பெயர் பெற்றவர் கணித அறிஞர் சிதம்பரப்பிள்ளை. அவருடைய மகன் நெவின்ஸ் செல்வதுரை, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். தாம் கண்டறியாத அயல்நாட்டார் ஒருவரின் பெயர், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் தந்தையிலிருந்து மகனுக்கு இறங்கிற்று. பெயர் எங்கிருந்து வந்தது என்பதை எவரோ எழுதிவைத்தமையால் அன்றோ நாம் இன்று அதனை அறிகின்றோம்? எழுதிவைக்காதிருப்பின், நெவின்ஸ் என்பது யாது என்று ஊரார் வியந்துகொண்டே இருந்திருப்பர். இன்னும் நூறு ஆண்டுகளில் பேர்கனிலே கந்தையா என்னும் பின்பெயர் கொண்ட ஒரு பிள்ளையைப் பார்த்து அவ்வாறே பிறர் வியக்கக்கூடும். அப்பிள்ளைக்காவது விடை தெரிந்திருத்தல் வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு செய்தியைக் கருத்திற் கொள்க. எம் வழக்கில் மணமானதும் தந்தை பெயர் நீங்கிக் கணவர் பெயர் வந்து சேரும். நோர்வேயிலும் 1979 ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு முன்னர் மனைவிக்குக் கணவரின் குடும்பப் பெயரே உரியதாக இருந்தது. இன்று மகள் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளலாம். தன் பிள்ளைக்கும் கொடுக்கலாம். மகன் இல்லாத வீட்டிலும் அப்பப்பாவின் பெயர் தொடரும். தந்தையின் முதற்பெயரோடு மாத்திரமன்றி, தாயின் முதற்பெயரோடும் மகன் அல்லது மகள் என்னும் விகுதியைச் சேர்த்துப் பின்பெயர் ஆக்கவும் சட்டம் இடம் தருகின்றது. இத்தகைய வாய்ப்பு எம் முன்னோர்க்கு இருந்ததில்லை.

நடைமுறையில் இன்னுஞ் சில உண்டு. பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் பெயரைத் தெரிவிக்காவிடின், தாயின் குடும்பப் பெயரே அதற்குப் பதியப்படும். பெயரைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையே மாற்றலாம். ஆதலின் அவசரப்பட்டு விண்ணப்பம் அனுப்புதல் தகாது. யாவற்றினும் முதன்மையானது எழுத்துக்கூட்டல். தகர ஒலிக்கு அண்ணன் ஓரெழுத்தும் தம்பி ஈரெழுத்தும் எழுதினால், ஒரே பாட்டனின் பெயர் இரண்டு குடும்பப் பெயராகப் பதிவாகும். உறவினர் ஒன்றுகூடி ஒரே வகையாக எழுத முடிவு செய்யலாகாதா? திருமண மண்டபத்தின் நிறத்தைப் பற்றி மூன்று மாதம் ஆலோசிக்கும் நாம், இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.

எமது மேல்வகுப்பு மாணவரிடம் இவ்வாண்டு ஒரு தாள் கொடுக்கப்பெறும். அதில் நான்கு செய்திகளை மாத்திரம் எழுதி வருதல் வேண்டும். பின்பெயர் முதன்முதலில் யாருடைய பெயர். அவர் பிறந்த ஊர் எது. அப்பெயரின் பொருள் யாது. அதனை இன்று நோர்வேயில் எத்தனை பேர் தாங்குகின்றனர். முதல் மூன்றுக்கும் விடை அப்பப்பா, அப்பம்மாவிடமே உண்டு. ஊரில் இருப்போரோடு தொலைபேசியில் உரையாடித் தமிழிலேயே கேட்டறிக. அவர்களுக்கு வயது ஏறுகின்றது என்பதையும் நினைவிற் கொள்க. பொருள் அறிய அகராதியும் ஆசிரியரும் துணை நிற்பர். நான்காவது விடையை நோர்வே புள்ளிவிபரத் திணைக்களத்தின் பெயர்த் தேடலிற் கணனி வழியே காணலாம். மூன்று பேரோ அதனிற் குறைந்தோரோ தாங்கும் பெயருக்கு அங்கே தொகை காட்டப்படுவதில்லை. அத்தகைய பெயரை உடைய மாணவர், அவ்விடத்தில் தம் வீட்டில் அப்பெயரைத் தாங்குவோரைத் தாமே எண்ணி எழுதி வருக.