ஒரு முழ ரப்பர் குழாயை நம்பி மலை இறங்குகிறோம்!

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தூக்கம் கிடையாது. இரவு பகலாகக் கார்கள் ஓடும். வேன்கள் ஓடும். பஸ்கள் ஓடும். எல்லாம் சபரிமலைக்குப் போகிற வண்டிகள். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர் ஊராகக் கடந்து மலை ஏறும். தை மாதம் மகரஜோதி முடிகிற வரை இதே கதைதான்.

கூட்டம் மிகும் நாட்களில் போலீசார் பாதையை ஒரு வழி ஆக்கிவிடுகிறார்கள். போகிற வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறவேண்டும். திரும்புகிற வண்டிகள் குமுளி வழியாக இறங்கவேண்டும். ஆக, தரிசனம் முடித்து, தூக்கம் கெட்டு, களைத்து வருகிற டிரைவர்கள் எல்லோரும் குமுளி மலையில் இறங்கி, லோயர்கேம்ப் வந்து, கூடலூரைப் பிடிக்கிறார்கள்.

ஏறும்போது என்ஜினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை.

அந்த இறக்கம் லேசானது அல்ல. 2022-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி இரவு அங்கே ஒரு வண்டி பள்ளத்தில் விழுந்தது. சபரிமலையில் இருந்து திரும்பிய, ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் அதில் இருந்தார்கள். பெரியாறு மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய் மீது வண்டி விழுந்தது. 8 பேர் மாண்டார்கள். பிரேக் கெட்டதால் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாதை எப்படிப்பட்டது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

2025-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி இன்னொரு விபத்து. தஞ்சாவூர் போய்விட்டு மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசு பஸ், குட்டிக்கானத்துக்கு அப்பால் புல்லுப்பாறையில் பள்ளத்தில் பாய்ந்தது. தேனியில் இருந்து குமுளி வழியாகக் கோட்டயம் போகிற அதே நெடுஞ்சாலைதான். 4 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதே முதலில் வந்த செய்தி.

சூடு எங்கே போகும்?

கம்பத்துக்கும் குமுளிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 500 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள கார் அந்த உயரத்தை பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிறக்கிற சூடு 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். சுமார் இரண்டு குடம்! அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக்குகள் தாங்கவேண்டும். அதனால்தான் பழைய டிரைவர்கள், “ஏறின கியரிலேயே இறங்கு” என்பார்கள். என்ஜின் பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

சரி, காலால் மிதிக்கிற மிதி சக்கரத்தை எப்படி நிறுத்துகிறது? நடுவில் பிரேக் ஆயில் இருக்கிறது. மிதித்தால் ஆயில் தள்ளப்படுகிறது. ஆயில் இரும்புக் குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தில் உள்ள பிரேக் கட்டையை அழுத்துகிறது. ஆனால் சக்கரம் ஆடும், குதிக்கும், திரும்பும். இரும்புக் குழாய் வளையாது. ஆகவே சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் “பிரேக் ஹோஸ்” என்கிறார்கள்.

ஓங்கி மிதிக்கும்போது அந்த ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம், டயரில் உள்ள காற்றைப்போல முப்பது மடங்குக்கு மேல்கூடப் போகும். ரப்பருக்குள் நூல் பின்னல் இருப்பதால் தாங்குகிறது. ஆனால் ரப்பருக்கும் வயது உண்டு. வெயில், மழை, சேறு, சூடு எல்லாம் சேர்ந்து அதை வெடிக்கச் செய்யும். வெளியே வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே உரிந்தால் தெரியாது. உரிந்த ரப்பர் கதவுபோல வழியை மறைக்கும். மிதித்த ஆயில் போகும், திரும்பி வராது. காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். சக்கரம் தீயாய்ச் சுடும். அல்லது பிரேக் போட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

வில்லன் ஹோஸ் அல்ல!

ஹோஸ் விலை அதிகம் இல்லை. பெரும்பாலான சாதாரணக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். பின் ஏன் மாற்றாமல் விடுகிறார்கள்?

இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. சக்கரத்துக்கு நேர் பின்னால், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடம் அது. நம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போய் வந்த வண்டியில் சேறு அப்பிக் கிடக்கும். பத்து வருஷத்தில் நட்டும் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும்.

அந்த நிலையில் பட்டறையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, நட்டு அசைய மாட்டேங்குது. ரொம்ப முறுக்குனா பைப்பே ஒடிஞ்சிரும்.”

“ஒடிஞ்சா?”

“பைப்பையும் மாத்தணும்ணே. ஒரு நாள் வேலை. செலவும் கூடும்.”

“ஹோஸ் எப்படி இருக்கு?”

“பார்க்க நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப இருக்கட்டும்ப்பா. வர்ற மாசம் பாத்துக்கலாம்.”

இருவருமே கெட்டவர்கள் அல்ல. ஆனால் பழைய ஹோஸோடு வண்டி மலைக்குப் போகிறது.

அந்த நட்டைக் கழற்ற முரட்டுப் பலம் உதவாது. வாய் திறந்த சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். அழுத்தினால் முனை மழுங்கி வழுக்கும். பிரேக் பைப் நட்டுக்கென்றே தனி ஸ்பேனர் உண்டு. பார்க்க ரிங் ஸ்பேனர் மாதிரி. குழாய் நுழைய ஒரு வெட்டு இருக்கும். மற்ற பக்கங்களை எல்லாம் இறுக்கிப் பிடிக்கும். அது இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முதலில் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்க்கவேண்டும். துருவை இளக்கும் எண்ணெயை அடித்து, ஒரு ராத்திரி ஊறவிடவேண்டும். அவசரப்படுகிறவர் கையில்தான் குழாய் முறுகும். மறுநாள் ஹோஸின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, நட்டை மற்றொன்றால் திருப்பவேண்டும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாறி மாறிச் செய்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

அப்படியும் அசையவில்லையா? பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான். அதை அறுத்துவிட்டால் ஹோஸின் தலையில் முழு ரிங் ஸ்பேனரை மாட்டலாம். பிடி இரட்டிப்பாகும். சிலர் கேஸ் விளக்கால் சூடு காட்டுவார்கள். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும் பொருள். ஆயில் இருக்கும் மூடிய குழாயைச் சூடாக்கினால் சீறிக்கொண்டு வெளியே பாயும். வீட்டு வாசலில் செய்கிற வித்தை அல்ல அது!

எதற்கும் மசியாவிட்டால் அந்த இரும்புக் குழாய்த் துண்டையும் மாற்றிவிடுவதே நேர்மையான வழி. நட்டு அவ்வளவு துருப்பிடித்திருந்தால் குழாய் மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? “ஹோஸோடு பைப்பும் போகலாம்” என்று முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். பாதி வேலையில் மனம் தளராது.

புகைக்குச் சோதனை உண்டு, பிரேக்குக்கு?

சொந்த உபயோகக் காருக்கு நம் நாட்டில் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதிகாரி யாரும் அந்தக் காரின் பிரேக்கைப் பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புகைச் சோதனைச் சான்று மட்டும் அவ்வப்போது வாங்கவேண்டும். 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை.

காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. பழைய வண்டியைச் சாலையில் இருந்து குறைப்பதே நோக்கம். ஆனால் 12 வயதுக் காரின் ஹோஸைப் பற்றி இந்த உத்தரவுகளில் எதுவும் இல்லை. கட்டணம் கூட்டினால் துரு விலகாது. பத்தாம் ஆண்டில் ஒரு பிரேக் சோதனையைக் கட்டாயமாக்கினால் என்ன என்பது என் கேள்வி.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. பெரும்பாலானவற்றுக்கு அதிவேகமே காரணம் என்று அதில் எழுதியிருக்கிறது. இருக்கட்டும். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டியும் வேகமாகத்தானே ஓடும்!

நீங்களே பார்க்கலாம்

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் செல்போன் விளக்கை அடியுங்கள். ஹோஸில் வெடிப்பு, உப்பல், ஈரம் இருக்கிறதா? வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஹோஸ் புடைக்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் மலைக்கு அந்த வண்டி வேண்டாம். வெளியே நன்றாக இருந்தாலும் வயதைக் கேளுங்கள். பத்து வயதான ஹோஸை மலைக்கு நம்பக்கூடாது என்பது என் கருத்து.

புது ஹோஸ் போட்டதும் செம்பு வாஷரும் புதிது போடவேண்டும். குழாயில் புகுந்த காற்றை முழுக்க வெளியேற்றவேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து, நடு இறக்கத்தில் மிதி தரைக்குப் போய்விடும். ஆகவே புது ஆயில் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் மிதியை அழுத்திப் பிடியுங்கள். மிதி கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

காருக்குச் சொன்னது ஜீப்புக்கும்தான். கம்பத்தில் இருந்தும் போடியில் இருந்தும் விடியுமுன் ஜீப்புகள் ஏலத் தோட்டங்களுக்குக் கிளம்புகின்றன. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வாடகை வண்டியாகப் பதிவானால் 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கவேண்டும். சொந்த உபயோகம் என்று பதிவான ஜீப் கூலிக்கு ஆள் ஏற்றினால் அந்தச் சோதனையும் இல்லை. சாயங்காலம் அதே ஜீப்தான் அவர்களை இறக்கிக் கொண்டுவருகிறது.